விரதத்தில் பியர் மாற்றப் போனவன்

பியர் மாற்றும் பழக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சிலர் என்னிடம் அறிவுரை கேட்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனிடம் அறிவுரை கேட்க இந்த ரொறன்ரோவில் வேறு எந்த விஷயமும் இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது பெரிய கம்பனிகளின் பியர் அல்ல. சின்னச் சின்ன இடங்களில் கொஞ்சமாகக் காய்ச்சுகிற கிராஃப்ட் பியர். ஓர் ஊரில் கிடைப்பது அடுத்த ஊரில் கிடைக்காது. அதனால் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் தங்களிடம் இருக்கும் போத்தலைக் கொடுத்து, இல்லாததை வாங்கிக்கொள்வார்கள். போத்தலை நிமிர்த்தி வையுங்கள். வெயில் படவிடாதீர்கள். நீங்கள் புதியவர் என்றால் முதலில் கொடுக்க வேண்டியது நீங்கள்தான். பேசியதற்கு மேலே, கேட்காத ஒரு போத்தலையும் சேர்த்து வையுங்கள். கொடுத்த வாக்கை மட்டும் மாற்றாதீர்கள். ஒருமுறை மாற்றினால் உங்கள் பெயர் நாறிவிடும்.

இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்: வீட்டில் நேர்த்தி வைத்து விரதம் இருக்கும்போது மாற்றப் போகாதீர்கள்.

நான் கூச்சக்காரன். கலியாண வீடுகளில் சாப்பாட்டு வரிசையின் கடைசியில் நிற்பவன். யாராவது "எப்படி இருக்கிறியள்?" என்று கேட்டால் பதிலை யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் இரண்டாவது தரம் சோறு போட்டுக்கொண்டிருப்பார்கள். பியர் மாற்றுகிறவர்களின் இணையக் குழுவில் இந்தக் கஷ்டம் இல்லை. என்னிடம் இருப்பது இது, எனக்கு வேண்டியது அது. இரண்டு வரி. குசலம் விசாரிக்கத் தேவையில்லை. எனக்கென்றே யாரோ கண்டுபிடித்த உலகம்.

என்னிடம் ஒரு கறுப்பு பியர் இருந்தது. ஒரே ஒரு தடவை காய்ச்சி நிறுத்திவிட்ட சரக்கு. பேஸ்மென்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இரண்டு வருடமாக நிமிர்ந்து நின்றது. அதைக் கேட்டு, முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கும் விட்பி என்ற ஊரிலிருந்து டேவ் என்பவர் எழுதினார். நானும் சரி என்று எழுதினேன். மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தோம்.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு. என் மனைவி வத்சலாவின் தம்பி ரமணன் இலங்கையில், போர் நடந்த வன்னிக்குள் இருந்தான். ஜனவரியில் கடைசியாகக் கதைத்தவன். பிறகு ஒரு சத்தமும் இல்லை. எங்கள் வீட்டு ஹோலில் ரீவி நிற்காமல் ஓடியது. தொலைபேசியை நடுவில் ஒரு ஸ்டூலில், காய்ச்சல்காரப் பிள்ளையைக் கிடத்தின மாதிரி வைத்திருந்தோம். போகிற வருகிற எல்லோரும் அதை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

மார்ச் மாதத்தில் வத்சலா முருகனுக்கு நேர்த்தி வைத்தாள். தம்பி உயிரோடிருக்கிறான் என்று செய்தி வரும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, முட்டை இல்லை. என் பக்கம் திரும்பினாள்.

"உங்கட கறுப்புத் தண்ணியும் இல்லை."

"ஓம்" என்றேன்.

உண்மையாகவே தொடவில்லை. ஆனால் டேவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே? இரண்டு இரவு யோசித்து ஒரு சட்டம் கண்டுபிடித்தேன். நேர்த்தி குடிக்கக்கூடாது என்றுதான். மாற்றக்கூடாது என்று முருகனிடம் யாரும் சொல்லவில்லை. (மூளை வேலை செய்யக்கூடாத நேரத்தில்தான் எனக்கு இப்படி வேலை செய்யும்.) வத்சலாவிடம் ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டு, வேர்ஹவுஸ் வேலை முடிந்ததும் சாப்பாட்டுப் பையும் காரில் ஒளித்த போத்தலுமாக நேரே விட்பிக்குப் போனேன். பத்து நிமிட வேலை. கொடுப்பேன், வாங்குவேன், வருவேன்.

டேவ் சிவப்புத் தாடி வைத்த மலை. கராஜ் கதவைத் திறந்து என்னை உள்ளே கூட்டிப்போனார். அங்கே ஒரு மேசை, இரண்டு கதிரை, ஆளுக்கு ஆறாகச் சின்னக் கண்ணாடிக் கிளாஸ்கள். மாற்றுவதற்கு முன் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து ருசி பார்ப்பதுதான் அவர்களின் மரியாதை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேண்டாம் என்பது, வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போவது மாதிரி.

விளக்கியிருக்கலாம். ஆனால் வன்னி, மச்சான், நேர்த்தி, முருகன், முட்டை எல்லாவற்றையும் என் ஆங்கிலத்தில் எந்த முனையில் தொடங்குவது? டேவ் முதல் கிளாஸை நிரப்பி என் முன்னால் வைத்தார். நான் சிரித்தேன்.

அடுத்த போத்தலை எடுக்க அவர் குளிர்பெட்டிப் பக்கம் திரும்பினார். என் காலடியில் சாப்பாட்டுப் பை. அதற்குள் வேலைக்குக் கொண்டுபோகும் பிளாஸ்க். அடியில் கொஞ்சம் சூட்டுத் தேத்தண்ணி மிச்சம். மூடியைத் திருகினேன், ஊற்றினேன், மூடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எதையும் செய்ததில்லை.

டேவ் திரும்பி வெறும் கிளாஸைப் பார்த்தார். "அவ்வளவு பிடித்ததா! என்ன ருசி தெரிந்தது?"

ஊற்றும்போது மூக்கில் பட்ட மணம் மட்டும் ஞாபகம் இருந்தது. பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "ஈரச் சாக்கு."

அவர் கொஞ்சம் உறிஞ்சினார். கண்ணை மூடினார். பிறகு மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "ஈரச் சாக்கு! மூன்று வருடமாக இந்த ருசிக்குப் பெயர் தேடுகிறேன்!" ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.

அதோடு நான் கெட்டேன். இரண்டாவதுக்கு "வெள்ளையடிச்ச சுவர்" என்றேன். எழுதினார். மூன்றாவதுக்குத் தோடம்பழத் தோல், நான்காவதுக்குப் புதுச் செருப்பு. எல்லாவற்றையும் எழுதினார். ஆறாவது கிளாஸும் பிளாஸ்க்குக்குள் போய்ச் சேர்ந்தபோது அவர் என் தோளைப் பிடித்து, இருபது வருடத்தில் இப்படி ஒரு நாக்கைச் சந்திக்கவில்லை என்றார். அந்த நாக்கு அன்று பகலிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் காணாமல் மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.

போத்தல்களை மாற்றினோம். கேட்காத மூன்று போத்தல்களைச் சேர்த்துத் தந்தார். கார்வரை வந்து, நான் தெரு முனையில் திரும்பும்வரை கைகாட்டிக்கொண்டு நின்றார். அதனால் பிளாஸ்க்கில் இருந்ததை அங்கே ஊற்ற முடியவில்லை. நெடுஞ்சாலையில் நிறுத்த முடியாது. வீட்டுப் புல்லில் ஊற்றலாம் என்று வந்தால், வாசலில் சிவம் அண்ணை நின்றார். அடுத்த தெருக்காரர். எங்கள் ரீவியில் செய்தி பார்க்க வேறு நாலைந்து பேரோடு தினமும் வருகிறவர்.

"வேலையால வாறீர், களைச்சுப்போனீர். தாரும் தம்பி" என்று சாப்பாட்டுப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மூத்த மனிதரோடு பைக்கு இழுபறிப்படலாமா? பின்னால் ஓடினேன்.

"பிளாஸ்க் பாரமாக் கிடக்கு. தேத்தண்ணி குடிக்கேல்லையோ? தொண்டை காயுது, நான் ஒரு வாய் குடிக்கட்டே?"

"அண்ணை, அது ஆறிப்போச்சு..."

"ஆறினாலும் பரவாயில்லை."

சூட்டுத் தேத்தண்ணியும் ஆறு வகை பியரும் ஒரு மூடிக்குள், காரில் முக்கால் மணி நேரக் குலுக்கல். நீங்களே நினைத்துப் பாருங்கள். மூடி அவர் கையை விட்டுப் பறந்தது. நுரை சிவம் அண்ணையின் வெள்ளைச் சேர்ட்டிலும் திருநீற்றிலும், ஸ்டூலில் இருந்த தொலைபேசியிலும் விழுந்தது. ஹோல் முழுக்கச் சாராயக் கடை மணம். ரீவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

வத்சலா ஓடிவந்து தொலைபேசியை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். காதில் வைத்து, சத்தம் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. அதை ஸ்டூலில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். நானும் போனேன்.

"குடிச்சனீங்களே?"

"இல்லை."

"ஓவர்டைம் எண்டு சொன்னனீங்கள்."

"அது பொய். ஆனா குடிக்கேல்லை. அந்தாள் ஆறு கிளாஸ் ஊத்தினது. ஆறையும் உதுக்குள்ளதான் விட்டனான். ஒரு சொட்டும் வாயில படேல்லை, வத்சலா. வேணுமெண்டா வாயை மணந்து பாரும்."

வாயைத் திறந்துகொண்டு அவள் முன்னால் நின்றேன். (நாற்பத்திரண்டு வயதில், பல் வைத்தியரிடம் நிற்கிற பிள்ளை மாதிரி.) அவள் மணக்கவில்லை. சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினாள்.

"நான்தான் உடைச்சனான்" என்றாள்.

"என்னத்தை?"

அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஓர் அம்மாவுக்குப் பிறந்தநாள். அவர் தன் நடுங்குகிற கையால் கேக்கை இவள் வாயில் ஊட்டிவிட்டிருக்கிறார்.

"வாய்க்குள்ள வைச்சாப்பிறகுதான் முட்டை ஞாபகம் வந்தது. அந்த மனிசி என்ர முகத்தையே பாத்துக்கொண்டிருக்கு. துப்ப ஏலாமப் போச்சப்பா. விழுங்கிப்போட்டன். மூண்டு கிழமையாச்சு. தம்பிக்கு ஏதும் நடந்திருந்தா அது என்னாலதான்."

மூன்று வாரமாக அதை வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்குப் பருப்பும் சோறும் பரிமாறியிருக்கிறாள். எனக்குப் பேசத் தெரியாது என்று சொன்னேனே? அன்று மட்டும் எப்படியோ வந்தது.

"முருகன் ஒரு துண்டுக் கேக்குக்காக ஆளைக் கொல்லுற ஆளில்லை. என்ர பொய்க்கும் கொல்லமாட்டார். கொல்லுறதெண்டா என்னைத்தான் முதல் கொன்றிருப்பார், விட்பியிலயே."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். ஹோலிலிருந்து சிவம் அண்ணையின் குரல் வந்தது: "பிள்ளை, ஒரு துவாய் தாரும். பிழையா நினைக்காதையும், உதட்டில கொஞ்சம் பட்டது. நல்ல சாமான்தான்."

அடுத்த கிழமை போர் முடிந்துவிட்டது என்று ரீவி சொன்னது. வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். நாங்கள் நேர்த்தியை விடவில்லை. தொலைபேசியும் ஸ்டூலிலேயே இருந்தது.

ஜூனில் ஒரு சனிக்கிழமை காலை அது அடித்தது. வத்சலா எடுத்தாள். "அக்கா, நான்தான். ரமணன். இருக்கிறன், அகதிக் காம்பில" என்று பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அவள் வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து மாதமாக உயிரோடு இருக்கிறானா என்று தெரியாதிருந்த ஒருவனிடம் என்ன கேட்க வேண்டும்? காயமா, சாப்பிட்டாயா, யார் யார் கூட இருக்கிறார்கள் என்று ஆயிரம் இருக்கிறது. நான் கேட்கவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"தம்பி, நான் குடிக்கேல்லை. சத்தியமாக் குடிக்கேல்லை. ஆறையும் பிளாஸ்க்குக்குள்ளதான் ஊத்தினனான்."

"என்ன அத்தான்?" என்றான். அதோடு தொடர்பு அறுந்தது.

பிறகு டேவிடம் போய், எழுதி வைத்திருந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவர் அந்த நோட்டை எடுத்தார். என் ருசிகளை வெட்டப் போகிறார் என்று நினைத்தேன். வெட்டவில்லை. "ஈரச் சாக்கு உண்மைதான்" என்றார். பிறகு ரமணனுடைய பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு, மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்.

ரமணன் இங்கே வந்துசேர ஆறு வருடம் எடுத்தது. இப்போது ரொறன்ரோவிலேயே ரூஜ் பக்கம் வீடு, இரண்டு பிள்ளைகள். அன்று தொலைபேசியை வைத்ததும் காம்பில் தொலைபேசிக்கு வரிசையில் நின்றவர்கள், கனடாவில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார்களாம். "அத்தான் நல்ல குடிவெறியில நிக்கிறார்" என்றானாம் இவன். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த வரிசை சிரித்ததாம். எந்தக் கொண்டாட்டத்திலும் யாராவது அவனை இந்தக் கதையைச் சொல்லவைத்துவிடுவார்கள். நான் சாப்பாட்டு வரிசையின் கடைசியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்றைக்கும் அவன் எனக்குத் தொலைபேசி எடுத்தால் ஹலோ சொல்வதில்லை.

"அத்தான், குடிக்கேல்லைதானே?" என்பான்.

"இல்லை தம்பி" என்பேன். அதன் பிறகுதான் மற்றக் கதை.