இல்லாத சோதனைக்கு மூன்று கிழமை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கனடாவைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. நான் ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருடம்; அக்கா குடும்பம் வந்து இரண்டே மாதம். ஒருவன் கல்வி நிபுணன் ஆக இது போதாதா?

அக்காவின் மகள் துஷிக்கு எட்டு வயது. அவர்களுடைய அபார்ட்மென்ட்டுக்கு எதிரிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. யூனிபோர்ம் கிடையாது, பிள்ளைகளின் கையில் கொப்பி, புத்தகம் கிடையாது, எந்நேரமும் பந்தடி. அதை நான் பள்ளிக்கூடமாகவே மதிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி, அஜின்கோர்ட் பகுதியில் வேறொன்று இருந்தது. டொக்டர்மாரின் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் என்று கேள்வி (சொன்னவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர்).

"நல்ல பள்ளிக்கூடம் எண்டால் சோதினை வைச்சுத்தான் எடுப்பாங்கள். உவளை நான் ரெடி பண்ணுறன்" என்றேன்.

"பள்ளிக்கூடம் துவங்கீட்டுதடா தம்பி."

"துவங்கட்டும். எனக்கு மூண்டு கிழமை தாங்கோ."

அக்கா இருபத்தொரு நாளையும் தந்தாள். பாவம், என்னை நம்பினாள். பதினாறாம் வாய்ப்பாடு, உலகத் தலைநகரங்கள் என்று துஷியைப் பிழிந்தெடுத்தேன். எதிரே மணி அடிக்கும்போதெல்லாம் அவள் பல்கனிப் பக்கம் திரும்பினாள். நான் திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

அந்த நாளும் வந்தது. இரவல் கோட்டும், நற்சான்றிதழ்கள் நிறைந்த ஃபைலுமாக, அக்காவையும் துஷியையும் கூட்டிக்கொண்டு அஜின்கோர்ட் பள்ளிக்கூட அலுவலகத்தில் போய் நின்றேன். அங்கிருந்த பெண்மணி ஃபைலைத் தொடவேயில்லை. வீட்டு விலாசத்தை மட்டும் கேட்டார். உங்கள் வீட்டுக்கு எதிரே உள்ளதுதான் உங்களுக்குரிய பள்ளிக்கூடம், சோதனை எதுவும் இல்லை, போனவுடன் சேர்ப்பார்கள் என்றார்.

விடுவேனா? துஷிக்குக் கண் காட்டினேன். அவள் பதினாறாம் வாய்ப்பாட்டை அலுவலகம் அதிர ஒப்புவித்தாள். பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்போது எங்கே படிக்கிறாள் என்றார்.

"எங்கேயும் இல்லை. மூன்று கிழமையாக வீட்டிலேயே வைத்து உங்கள் சோதனைக்குத் தயார் செய்தேன்" என்று என் ஆங்கிலத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. உள்ளேயிருந்து பள்ளிக்கூட அதிபர் வந்தார். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வைத்திருப்பது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம் என்று எனக்கு நிதானமாக, சொல் சொல்லாக விளக்கினார்.

"என்னவாமடா?"

"சட்டப்படி பிழையாம் அக்கா."

"ஐயோ, எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லையடா!"

வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். நல்ல காலம், அந்த அதிபர் பெரிய மனிதர். அக்கா வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்துக்குத் தானே போன் செய்தார். அன்று மத்தியானமே துஷி அங்கே வகுப்புக்கு ஓடினாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். செப்டம்பர் பிறந்தால் போன் வரும்.

"மாமா, பள்ளிக்கூடம் துவங்கீட்டுது. பிள்ளையளை அனுப்பிப்போட்டியளோ?"

என் பிள்ளைகள் பல்கலைக்கழகமே முடித்து வேலைக்குப் போகிறார்கள். ஆனாலும், "ஓம், அனுப்பிப்போட்டன்" என்று நான் சொல்லும்வரை அவள் போனை வைக்க மாட்டாள்.