ஊது மணக்கும் கோதண்டம்

ராஜா மாதிரி மணப்பது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தேன்.

காரணம் என் மனைவி நர்மதாவின் மூக்கு. பார்க்கச் சின்ன மூக்குதான். ஒற்றைக்கல் மூக்குத்திக்கு மேல் அதில் இடம் கிடையாது. ஆனால் துறைமுகத்துக் கஸ்டம்ஸ்காரர்கள் கோட்டை விடுவதைக்கூட அது பிடித்துவிடும். நான் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சோதனை ஆரம்பமாகிவிடும்.

“நில்லு. வாழக்கா பஜ்ஜி.”

“இல்லமே...”

“ரெண்டு துன்னுகீற.”

மூன்று தின்றிருப்பேன். ஒன்றாவது தப்பியதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்குச் சர்க்கரை. அவளுடைய அப்பா சர்க்கரைக்கு ஒரு காலையே கொடுத்தவர். நானோ எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். வருஷா வருஷம் எங்களுக்கு மெடிக்கல் உண்டு. இந்த வருஷம் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டே சொன்னார். “மூணு மாசத்துல சர்க்கரை இறங்கணும் கோதண்டம். அது இறங்கலேன்னா நீங்க இறங்கிடுங்க.”

இறங்குவது என்றால் கிரேனிலிருந்து. இறங்கி, கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற லாரிகளின் நம்பரை எழுத வேண்டும். இந்த உலகத்தில் என் பேச்சைக் கேட்பது அந்த கிரேன் ஒன்றுதான். நான் வலது என்றால் வலது, தூக்கு என்றால் தூக்கும். திருப்பிக் கேள்வி கேட்காது.

இதெல்லாம் எனக்கு நன்றாகவே புரிந்தது. என் நாக்குக்குத்தான் புரியவில்லை. தண்டையார்பேட்டையில் சிலுவையம்மாளின் அத்தோ கடை இருக்கிறது. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த பலகாரம் அத்தோ. மஞ்சள் நூடுல்ஸ், முட்டைகோஸ், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பூண்டு வறுத்த எண்ணெயை ஒரு கரண்டி ஊற்றுவாள். யார்டிலிருந்து ராயபுரத்து வீட்டுக்கு வருகிற வழியில்தான் கடை. என் பைக் அங்கே தானாக நின்றுவிடும். நான் என்ன செய்ய? ஆனால் பூண்டு எண்ணெய் இருக்கிறதே, அது ஊருக்கே தண்டோரா போடும். நர்மதா நான் தெருமுனையில் திரும்பும்போதே பிடித்துவிடுவாள்.

ஆகவே அத்தோவை அத்தரால் வெல்வது என்று கிளம்பினேன். வண்ணாரப்பேட்டையில் சௌக்கத் அலி பாய் கடை.

“பாய், ஸ்ட்ராங்கா ஒரு அத்தர் குடு. அடியில இன்னா கீதுன்னே யாருக்கும் தெரியக் கூடாது.”

“அத்தர் இன்னா தார்ப்பாயா நைனா, போட்டு மூட? அது ஆளுக்கு ஏத்த மாதிரி பூசறது. இவன் யாருன்னு மோந்தவனுக்குத் தெரியணும். நீ எப்படிப்பட்ட ஆளு, சொல்லு.”

என்னை இதுவரை யாருமே கேட்காத கேள்வி. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“சிங்கம் மாதிரி பாய்.”

பாய் என் புறங்கையைப் பிடித்து முகர்ந்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். “மல்லி அத்தர் எடுத்துக்கோ. சாதுவா இருக்கும். உனக்கு அதான் செட்டாவும்.”

“சிங்கத்துக்கு மல்லியா?”

“கல்யாணம் ஆயிட்ச்சில்ல?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அலமாரியில் உச்சித் தட்டைக் காட்டினேன். “அது இன்னாது?”

“ஊது. அகில் கட்டையிலேந்து எடுக்கறது. ராஜாங்க பூசறது.”

“அதக் குடு.”

பாய் பெருமூச்சு விட்டுப் பஞ்சில் தோய்த்து என் காது மடலில் சொருகினார். “ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன் தோஸ்து. அத்தர் ஆள மறைக்காது. காட்டிக் குடுத்துடும்.”

வியாபாரப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் சிலுவையம்மாள் கடையில் ஒரு ப்ளேட் முழுசாகத் தின்றேன். கையைக் கழுவினேன். கழுத்து, காது, சட்டைக் காலர், மீசை என்று ஒரு இடம் விடாமல் ஊது பூசினேன். வீட்டு வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். நர்மதாவின் மூக்கு இரண்டு தரம் விரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அது தடுமாறி நான் பார்த்ததே இல்லை.

“இன்னாயா இது?”

“ஊது.”

“ராத்திரில ரோட்டுல வண்டிய மறிக்கிற போலீசு மாதிரி சொல்ற?”

“அத்தருமே. ஆம்பளன்னா அவனுக்குன்னு ஒரு மணம் வோணும். பர்சனாலிட்டி. ஸ்டைலு.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். மீசையில் மட்டும் பார்வை ஒரு விநாடி அதிகம் நின்றது. “நல்லாத்தான் கீது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெயித்துவிட்டேன்! ஆனால் சோற்றில் கை வைத்தபோது சுவரிலிருந்து மாமனார் படம் என்னையே பார்த்தது. மனசு குறுகுறுத்தது. சாப்பிட்டு எழுந்ததும் நானாகவே தொட்டியிலிருந்த பாத்திரங்களை எல்லாம் தேய்த்துக் கவிழ்த்தேன். அப்புறம்தான் தூக்கம் வந்தது.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பாவம் ஒரு ப்ளேட்டு, பரிகாரம் ஒரு தொட்டி. பாவம் கொஞ்சம் கூடிப்போன நாளில் துணியும் மடித்து வைத்தேன். லாரித் தண்ணீர் வந்தால் குடத்தை நானே தூக்கினேன். பக்கத்து வீட்டு கன்னியம்மா தன் வீட்டுக்காரரிடம், “அந்த அண்ணன பாத்தியா, எப்டி மணக்கறாரு, எப்டி தண்ணி தூக்கறாரு” என்று என்னைக் காட்டிப் பேச ஆரம்பித்தாள். அந்த மனிதர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஊதின் மகிமை கடையிலும் தெரிந்தது. நான் இப்போது முன்கூட்டியே பூசிக்கொண்டுதான் போவேன். ஒரு கெத்து வேண்டாமா? வாசனை எட்டியதுமே சிலுவையம்மாள் தலையை நிமிர்த்துவாள்.

“வா நைனா, உனக்குன்னு ஸ்பெஷலா எடுத்து வெச்சிகீறேன்” என்று ஒரு பச்சை டப்பாவைத் திறப்பாள். மற்றவர்களுக்கெல்லாம் பெரிய அண்டாவிலிருந்து. எனக்கு மட்டும் பச்சை டப்பா! வாழைத்தண்டு சூப் வேறு இரண்டு கிண்ணம் ஓசி. அத்தோ முன்னைவிடக் கொஞ்சம் நறுக் நறுக்கென்று இருந்தது. எண்ணெயும் குறைச்சல்தான். ராஜாக்களுக்கு அப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து மெடிக்கல். ரத்தம் எடுத்தார்கள். பயத்தில் நான் குலசாமி பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். எழுந்து வந்து கை கொடுத்தார்.

“பிரமாதம் கோதண்டம். நல்லா இறங்கியிருக்கு. நீங்க மேலேயே இருங்க.”

போனில் சொன்னதும் நர்மதா அழுதுவிட்டாள். எனக்கு அவள் மேல் பரிதாபமாக இருந்தது. தன் கேழ்வரகுக் கூழால்தான் இறங்கியது என்று நம்புகிறாள், பாவம். அத்தோ ஒரு மருந்து என்ற உண்மை உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்!

அந்த வெற்றியைக் கொண்டாடத் தண்டையார்பேட்டையில் வண்டியை நிறுத்தினேன். அத்தர் சீசா அன்று காலையோடு காலி. பரவாயில்லை என்று வெறும் கோதண்டமாகவே போனேன். கடையில் சிலுவையம்மாள் இல்லை. அவளுடைய நாத்தனார் நின்றிருந்தாள். பெரிய அண்டாவிலிருந்து ஒரு ப்ளேட் பிசைந்து கொடுத்தாள். ஒரு வாய் வைத்தேன்.

“இன்னாமா இது? ஒரே எண்ணெ. நூடுல்ஸு வேற கொழகொழன்னு கீது!”

“அத்தோன்னா இப்டித்தாண்ணா இருக்கும்.”

“நான் மூணு மாசமா இங்க துன்னுகினு கீறேன். எனக்கேவா? பச்ச டப்பாவுலேந்து எடு.”

அவள் என் பக்கம் குனிந்து முகர்ந்தாள். பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஐயய்யோ, சக்கர பேஷண்டு அண்ணனா நீங்க? ஊது வாசன அடிச்சா பச்ச டப்பான்னு அண்ணி சொல்லிட்டுப் போச்சு. வாசனயே வரல, அதான் நெஜ அத்தோவ குட்த்துட்டேன்!”

“அப்ப பச்ச டப்பால இன்னா கீது?”

“பப்பாளிக்கா. நீளநீளமா சீவி மஞ்சத் தண்ணில ஊற வெச்சது. பூண்டு மட்டும் வாசனைக்கு. உங்க வூட்டு அக்காதான் நீங்க வேலைக்குப் போனதும் கொண்டாந்து குட்த்துட்டுப் போவும்.”

பாய் சொன்னது அப்போதுதான் உறைத்தது. நான் யார் என்று ஊது ஊருக்கே சொல்லியிருக்கிறது. சிங்கம் என்றில்லை, சக்கர பேஷண்டு என்று. கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையில் நான் போன பிறகு ஒருத்தி உட்கார்ந்து பப்பாளிக்காயை நூல்நூலாகச் சீவுகிறாள். அதைத் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டை வரை வருகிறாள். எதற்கு? நான் அவளை ஏமாற்றி நிம்மதியாகத் தின்பதற்கு. ப்ளேட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வாசலில் நர்மதா நின்றாள். மூக்கு விரிந்தது.

“நெஜ அத்தோ. ஒரு வாயி.”

“ஆமாமே. எல்லாம் தெரிஞ்சிபோச்சி. உனக்கு எப்பத் தெரியும்?”

“மொத நாளே. காலம் பூரா டீசலும் சோப்பும் மணந்த ஆளு திடுதிப்னு ராஜா மாதிரி வந்தா, ராஜா இன்னாத்தையோ திருடிகினு வரான்னு அர்த்தம். மீசல பூண்டு வேற. சிலுவை எங்க மகளிர் குழுதான். மறுநாளே போய்ட்டேன்.”

“ரெண்டு திட்டு திட்டியிருந்தா நின்னுருப்பேனே?”

“நிக்க மாட்ட. வேற கடைக்குப் போவ. எத்தினி கடைக்கு நான் பப்பாளி தூக்கினு அலையறது?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “நர்மு, நீ இல்லேன்னா நான் இன்னிக்கு கேட்டுல குந்திகினு லாரி நம்பர் எழுதிகினு இருப்பேன். ரொம்ப தேங்ஸ்மே.” கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. அவள் முகத்தைத் திருப்பி முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அந்த உருக்கத்தில் மாமனார் படத்தின் முன்னால் போய் நின்று கையை உயர்த்தினேன். “இனிமே பொய் இல்ல, அத்தோ இல்ல, அத்தரும் இல்ல. இது சத்தியம்!”

நர்மதாவின் முகம் சட்டென்று மாறியது. விறுவிறுவென்று உள்ளே போனாள். அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து என் கையில் திணித்தாள். பிரித்தேன். சௌக்கத் அலி பாய் கடை ஊது. என்னுடையதைவிடப் பெரிய சீசா.

“நேத்தே வாங்கியாந்துட்டேன்.”

“எதுக்குமே? நான்தான் திருந்திட்டேனே!”

“நீ திருந்திட்டா பாத்திரம் யார்யா கழுவறது?”