அள்ள அள்ளக் குறையாத லத்தி

தாய்க்குதிரை போட்ட லத்தியைக் குட்டி சாவகாசமாக மென்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் கடிகாரக்காரர் அலறிவிட்டார்.

“அடக் கண்றாவியே! துப்பு, துப்பு!”

குட்டி துப்பவில்லை. இன்னொரு வாய் எடுத்துக்கொண்டது.

குதிரைகள் மனைவியினுடையவை. அவள் குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பவள். அன்று காலைதான் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். “தாய்க்கு நேத்தே பூச்சி மருந்து கொடுத்தாச்சு. குட்டிக்கு இன்னும் அந்த வயசு வரலை. நீங்க தண்ணி மட்டும் வெச்சாப் போதும். புண்ணியமாப் போகும், வேற எதுவும் செஞ்சுடாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கடிகாரத்துக்குள் ஒரு தூசி கிடந்தாலே சோறு இறங்காத மனிதர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, லத்தியைக் கூடையில் அள்ளி, கொல்லைச் சுவருக்கு அப்பால் கொட்டினார். அங்கே பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் ரோஜாச் செடிகள் இருந்தன. உரமாச்சு, உபகாரமாச்சு என்று வாசல் பக்கத்திலிருந்த தன் கடைக்குத் திரும்பி, ஒரு கைக்கடிகாரத்தைப் பிரித்தார்.

அதை மூடிவிட்டு வந்து பார்த்தால், லாயத்தில் மறுபடியும் லத்தி. மறுபடியும் குட்டி.

அள்ளினார். கொட்டினார். அடுத்த கடிகாரத்துக்கு முள் மாட்டிவிட்டு வந்தார். மறுபடியும் லத்தி!

“ஏ தாயே, நீ குதிரையா, யானையா?”

பூச்சி மருந்துதான் குடலைப் புரட்டிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. உள்ளே போனால்தானே வெளியே வரும்? புல்கட்டைத் தூக்கி உயரத்தில் வைத்துவிட்டார். தாய்க்குதிரைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தண்ணீர் வாளியை ஒரே உதையில் உருட்டியது. ஒரு நிலையில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்ததில், பால் குடிக்க வந்த குட்டியும் பின்னாலேயே சுற்றிச் சுற்றிக் கனைத்தது. லத்தி மட்டும் குறைந்தபாடில்லை.

வேறு வழியில்லாமல் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். அந்த அம்மா வந்ததும் முதல் வேலையாகப் புல்கட்டை இறக்கிப் போட்டார்.

“பால் கொடுக்கிறவளை யாராவது பட்டினி போடுவாங்களா?”

“குட்டி அசிங்கத்தைத் தின்னுது, டாக்டர்!”

“தின்னட்டும், சார். அம்மா வயித்துல இருக்கிற நல்ல கிருமியெல்லாம் அது மூலமாத்தான் குட்டி வயித்துக்குப் போகும். அப்பத்தான் நாளைக்குப் புல்லு செரிக்கும். அதை யாரு அள்ளச் சொன்னது?”

கடிகாரக்காரர் கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“அது சரி, காலையிலேருந்து எத்தனை கூடை அள்ளினீங்க?”

“எண்ணிக்கையே விட்டுப்போச்சு.”

டாக்டரின் முகம் மாறியது. தாயின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். குனிந்து லத்தியைத் தொட்டுப் பார்த்தார். “சூடே இல்லையே!”

“ஐயோ! உடம்புச் சூடு இறங்கிடுச்சா?”

“தெரியலை. நான் இப்படிப் பார்த்ததே இல்லை. எதுக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம்.”

கடிகாரக்காரர் கூடையைக் கீழே போட்டார். கல்யாணமான நாளிலிருந்து எட்டி நின்றே பழகியவர், முதல்முறையாகக் குதிரையின் கழுத்தில் கை வைத்தார். “உனக்கு ஒண்ணும் ஆகாதுடி அம்மா. நான் இருக்கேன்.”

புல் கிடைத்த திருப்தியில் அது அவர் தோளில் தலையைச் சாய்த்தது. குட்டியும் வந்து அவர் சட்டை நுனியைச் சப்பியது. நாற்றம் நாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் கைக்குட்டையைக் கழற்றி அதன் வாயைத் துடைத்துவிட்டார்.

அப்போது லாயத்தின் கொல்லைக் கதவு மெல்லத் திறந்தது. டீச்சரம்மா இடுப்பில் ஒரு கூடையோடு நின்றார். டாக்டரைக் கண்டதும் பெருமூச்சு விட்டார்.

“நல்லவேளை வந்தீங்க டாக்டர், நீங்களாவது இவருக்கு எடுத்துச் சொல்லுங்க! குட்டி வயித்துக்கு அது வேணும், இவர் தூக்கிக் கொட்டினா திருப்பிப் போட்டுடுங்கன்னு இவர் வீட்டம்மா சொல்லிட்டுப் போனாலும் போனாங்க, காலையிலேருந்து சுமந்து சுமந்து என் இடுப்பே ஒடிஞ்சுபோச்சு!”