கறுப்புக் கார் காணாமற்போன விவரம்

ராயபுரத்தில் கயிறும் தாரும் விற்றுவந்த சிவந்தி அண்ணாச்சி, தம்முடைய காரைத் தம்முடைய வீட்டு வாசலில் தாமே மெருகேற்றுவது என்று முடிவு செய்தார். இதில் அரசாங்கத்துக்கு வேலை எதுவும் இல்லை என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். அவர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்த மாதிரி நம்பிக்கைகள் அவரிடம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தன.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வட சென்னையில் கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அப்போது பளபளப்புப் பைத்தியம் பிடித்திருந்தது. கார் ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. முகம் தெரிகிறதா என்றுதான் கேட்டார்கள். ஓர் உப்பு மண்டிக்காரர் தினமும் தம் கார்க் கதவைப் பார்த்தே சவரம் செய்துகொண்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டுக் காரின் பானெட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, பெண்ணைப் பார்க்காமலே சம்மதம் சொன்னதாகவும் ஒரு பேச்சு இருந்தது.

இந்த நிலையில், வர்த்தகர் சங்கத்தின் புதுக் கட்டடத்தைத் திறந்துவைக்கக் கனம் மந்திரி ஒருவர் வர இசைந்தார். அவரை ரயிலடியிலிருந்து எந்தக் காரில் அழைத்து வருவது என்று சங்கம் கூடி ஆலோசித்தது. 'எந்தக் காரில் மந்திரி அவர்களின் திருமுகம் மிகத் தெளிவாகத் தெரியுமோ அந்தக் காரில்' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. காரின் சொந்தக்காரர் மந்திரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரலாம்.

அண்ணாச்சியின் மனைவி பூமாரிக்கு இதில் ஒரு கணக்கு இருந்தது.

"பக்கத்துல உக்காந்து வரும்போது நம்ம சாக்கடைய அவருகிட்ட சொல்லிருங்க. மழை பெஞ்சா அடுப்பு மிதக்குது. யாருகிட்டதான் சொல்லல? அந்த மனுசன் கார விட்டு எறங்கி ஓடவும் முடியாது. கேட்டுத்தான ஆவணும்?"

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அண்ணாச்சியின் கறுப்புக் கார், கடல் காற்றின் உப்பும் கிடங்கின் தாரும் படிந்து, அடிப்பிடித்த சட்டி மாதிரி இருந்தது. அதில் மந்திரியின் முகம் தெரிய வேண்டுமானால் மந்திரி விளக்கைக் கொண்டுவர வேண்டும்.

கப்பல் ரிப்பேர்ப் பட்டறையில் வேலை செய்த தேசப்பன் வந்து காரைச் சுற்றிப் பார்த்தான். அண்ணாச்சியின் கடையில் வலைக் கயிறு வாங்கும் வீட்டுப் பிள்ளை.

"கையால தேச்சா அட்த்த தீவாளிக்குத்தான் முடியும் அண்ணாச்சி. பட்டறைல ஒரு மிசின் சும்மா கீது. கப்பல் பித்தளைக்கு மெருகு போட்றது. கரண்ட்ல சுத்தும். ஒரு வெள்ளக்கார கேப்டனோட மணிய அதுலதான் தேச்சேன். அவன் அதுல மூஞ்சியப் பாத்துட்டு அழுதுட்டான்."

"ஏன் அழுதான்?"

"அதுவரிக்கும் அவன் மூஞ்சி அவனுக்கே தெர்ல போல."

மெஷின் வந்தது. ஒரு சிறு பன்றிக்குட்டி அளவு, கனமும் அப்படியே. முதலில் வண்டியைக் கழுவினார்கள். ஒரு மணல் பொடி ஒட்டிக்கொண்டிருந்தாலும் கீறிவிடும் என்று தேசப்பன் சொன்னதால், சவுக்காரத் தண்ணீர் விட்டு மறுபடியும் கழுவி, அண்ணாச்சியின் கல்யாண வேட்டியால் துடைத்தார்கள். கணவாய் மீனின் ஓட்டை இடித்துப் பொடியாக்கி, மெல்லிய துணியில் சலித்து, எண்ணெயில் குழைத்துக் கதவில் தடவினார்கள். மெஷினின் வாயில் ஆட்டுத்தோல் வட்டை மாட்டினார்கள்.

"அமுக்காத, மெதுவாப் பிடி. ஒரே எடத்துல நிக்காத, நவுந்துகினே இரு. ஓரத்துல பெயின்ட்டு மெல்லிசு, அங்க ஜாக்ரதை" என்று சொல்லி தேசப்பன் சுவிட்சைப் போட்டான்.

தெருவிலிருந்த விளக்குகள் எல்லாம் மங்கின. காபி கிளப்பின் மின்சார கிராமபோனில் பாடிக்கொண்டிருந்த அம்மாள் ஆண் குரலுக்கு இறங்கினாள். அண்ணாச்சி பயந்து பயந்து மெஷினை நகர்த்தினார். துடைத்துவிட்டுப் பார்த்தால், கதவுக்குள்ளே ஒரு மனிதர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அது தாம்தான் என்று தெரிய அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"ஏட்டி பூமாரி, இங்க வா!"

பூமாரி வந்து குனிந்தாள். "மூக்குத்தில ஒரு கல்லு விழுந்திருக்கே! இத்தன நாளா பாத்துக்கிட்டுச் சும்மாவா இருந்தீய?" என்றாள்.

மறுநாள் காலையில், காரின் மற்றப் பாகங்களைத் தேய்க்க ஆரம்பிக்கும்போதே, தொப்பியும் தோல்பையுமாக ஒருவர் வந்து நின்றார். மின்விசைச் சுழல்பொருள் ஒழுங்கு இலாகாவின் ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ். அப்படி ஓர் இலாகா இருப்பது அண்ணாச்சிக்கு அன்றுதான் தெரியும். கிராமபோன் குரல் இறங்கிப்போன கோபத்தில் காபி கிளப்காரர் அதைக் கண்டுபிடித்து மனுப் போட்டிருந்தார்.

"இது சுழல்கிறது. மின்சாரத்தால் சுழல்கிறது. சுழன்று, மங்கிய பொருளைப் பளபளக்கும் பொருளாக உற்பத்தி செய்கிறது. ஆகவே இந்த இடம் தொழிற்சாலை" என்றார் ஆய்வாளர்.

"இது என் வீடு, சார்."

"தொழிற்சாலைக்குள் குடும்பத்தோடு குடியிருக்கிறீர்களா? அது தனிக் குற்றம்."

வாளியோடு வந்த பூமாரி கேட்டாள்: "அப்ப நான் யாரு?"

"தொழிலாளி."

"சம்பளம்?"

"நிர்வாகத்திடம் கேளுங்கள் அம்மா."

பூமாரி நிர்வாகத்தைப் பார்த்தாள். நிர்வாகம் மெஷினின் வயரை அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தது.

சமையலறை இனிமேல் கான்டீன் என்று கருதப்படும் என்றும் ஆய்வாளர் தெரிவித்தார். கான்டீனில் ஆய்வாளருக்குக் காபி கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறதா என்று பூமாரி கேட்டாள். விதியில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது என்று அவர் சொன்னார். காபி குடித்தபின் அவர் மனம் கொஞ்சம் இளகியது.

"உரிமம் தருகிறேன். இயந்திரத்தை ஓடும் நிலையில் சோதிக்க வேண்டும். சோதனை முடியும்வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் 'ஓடாத இயந்திரம்' என்று எழுதுவேன். ஓடாத இயந்திரத்துக்கு உரிமம் கிடையாது. சும்மா அந்தரத்தில் சுழலவிட்டால் மின்சார விரயம். ஆகையால் காரின் மேலேயே ஓட வேண்டும்."

மெஷின் ஓடியது. ஆய்வாளர் 'கறுப்பு நிறக் கார் ஒன்று, பார்வையிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பையைத் துழாவினார்.

"முத்திரை ஆபீசில் இருக்கிறது. ஓடட்டும், வந்துவிடுகிறேன்."

அவர் போனார். ஆபீசில் முத்திரை இருந்தது. முத்திரையின் பெட்டிச் சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். சாப்பிட்டவர் அப்படியே ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டார்.

ராயபுரத்தில் மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. அண்ணாச்சியும் தேசப்பனும் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். கார் முழுவதும் பளபளத்தது. பளபளத்த இடத்தின் மேலேயே மறுபடி தேய்த்தார்கள். அதற்கு மேலும் தேய்த்தார்கள். பிற்பகலில் பானெட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கீற்றுத் தெரிந்தது.

"பெயின்ட் போவுது! நிறுத்துங்க!" என்று பூமாரி கத்தினாள்.

"நிறுத்தினா லைசென்ஸ் போச்சு. லைசென்ஸ் போனா மந்திரி போச்சு. மந்திரி போனா சாக்கடை போச்சு" என்றார் அண்ணாச்சி. கை மரத்துப்போய், அழுகிற குரலில்தான் சொன்னார்.

தேசப்பன் கீற்றைப் பார்த்து யோசித்தான். "ஒரு எடம் மட்டும் வெள்ளையாக் கீதுன்னா கலீஜா தெரியும் அண்ணாச்சி. பூரா வெள்ளையாக்கிட்டா அதான் அழகு."

இதில் குறை சொல்ல அண்ணாச்சிக்கு எதுவும் தோன்றவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில், ஆய்வாளர் முத்திரையோடு திரும்பியபோது, வாசலில் வெறும் தகரத்தால் ஆன கார் ஒன்று வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஜொலித்தது.

ஸ்டானிஸ்லாஸ் அதைச் சுற்றி வந்தார். "கறுப்புக் கார் எங்கே?"

"இதுதான் சார் அது."

"நான் பார்வையிட்டது கறுப்பு. கையெழுத்தும் போட்டிருக்கிறேன். என் கையெழுத்துப் பொய்யா?"

"ஐயோ, இல்ல சார்."

"அப்படியானால் கறுப்புக் கார் காணாமல் போயிருக்கிறது. இது எங்கிருந்து வந்தது? பக்கத்தில் துறைமுகம். தீர்வை கட்டாமல் இறங்கியிருக்கலாம்."

தேசப்பனுக்குக் கோபம் வந்தது. "இன்னா சார் பேஜாரு இது? இந்த டயருக்கு ஒட்டுப் போட்டவனே நான்தான். பாரு, அதே டயரு!"

"டயர் திருட்டும் உண்டா?" என்று கேட்டு ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டார். கதவுகளில் அரக்கு வைத்து முத்திரை குத்தினார். முத்திரை குத்தும்போது அண்ணாச்சி கதவில் தம்மைப் பார்த்தார். தம்முடைய அழுமூஞ்சியை அவ்வளவு துல்லியமாக அவர் அதுவரை பார்த்ததே இல்லை. கார் அரசாங்கத்துக்குப் போயிற்று.

மந்திரி வரும் நாளும் வந்தது. உப்பு மண்டிக்காரரின் கார்தான் தேர்வாகியிருந்தது. ஆனால் அன்று காலை மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: மந்திரிகள் இனித் தனியார் கார்களில் ஏறலாகாது, அரசாங்கத்துக்குச் சொந்தமான கார்களில் மட்டுமே ஏற வேண்டும். ராயபுரத்தில் அரசாங்கத்துக்குச் சொந்தமான கார் அன்றைய தேதியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் அரக்கைச் சுரண்டிவிட்டு அதை ஓட்டிக்கொண்டு வந்தார். மந்திரி பானெட்டில் தம் முகத்தைப் பார்த்தார், துண்டைச் சரிசெய்தார், மறுபடி பார்த்தார். பின்னால் உட்கார்ந்தால் எதுவும் தெரியாது என்பதால் முன்னாலேயே ஏறிக்கொண்டார். அண்ணாச்சியும் ஏறப் போனார்.

"சொந்தக்காரர் மட்டுந்தான் ஏறலாம். சொந்தக்காரர் அரசாங்கம்" என்று ஆய்வாளர் கதவைச் சாத்தினார்.

கார் நகர்ந்தது. பூமாரி கூட்டத்திலிருந்து, "ஓடுங்க! ஓடிக்கிட்டே சொல்லுங்க!" என்றாள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"ஐயா... சாக்கடை... மழை பெஞ்சா... வீட்டுக்குள்ள..."

"அவர் என்ன சொல்கிறார்?" என்று மந்திரி கேட்டார்.

ஆய்வாளர் யோசித்தார். "இந்தக் காரை இப்படி ஆக்கியவர் அவர்தான் சார். இதே மாதிரி எல்லா வீட்டுக்கும் வேண்டும் என்கிறார்."

மந்திரியின் கண் கலங்கியது. மேடையில் ஏறியதும் சொன்னார்: "இந்தத் தெருவின் நெடுநாள் குறை எனக்குத் தெரியும். வழியெல்லாம் ஓர் அன்பர் மூச்சிரைக்க ஓடிவந்து முறையிட்டார். இனி இங்கே வீட்டுக்கு வீடு மெருகு இயந்திரம்! விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் அரசாங்கமே வழங்கும்!"

கைதட்டலில் பந்தல் ஆடியது. பூமாரி திரும்பிப் பார்த்தாள். அண்ணாச்சியும் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்குத் தட்டுதீய?"

"எல்லாரும் தட்டுனாங்க" என்றார் அவர், கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

ஐப்பசி மழையில்தான் விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தார்கள். தெரு நடுவே மேஜை போட்டு, மேஜை மேல் நாற்காலி போட்டு, அதன்மேல் ஸ்டானிஸ்லாஸ் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதற்குள் பதவி உயர்ந்திருந்தது. கீழே, முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீரில், கார் வைத்திருந்தவர்களும் காரைக் கிட்டத்தில் பார்த்தேயிராதவர்களும் விண்ணப்பத்தை நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். காபி கிளப்காரர் முதல் ஆள். விண்ணப்பித்து மெருகு உரிமம் வாங்கியவருக்குத்தான் பறிமுதல் காரைத் திருப்பித் தருவார்கள் என்பதால் அண்ணாச்சியும் நின்றார்.

தண்ணீர் தொடைக்கு ஏறியது. அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"சார்! இந்தச் சாக்கடைய முதல்ல..."

முடிக்கவில்லை. வரிசை மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது.

"யோவ், வாய மூடுய்யா! இன்னா பெரிய சாக்கடை?" என்றார் காபி கிளப்காரர். "நீ அதச் சொல்லி, அவுரு கோச்சிகினு எந்திரிச்சிப் பூட்டா, எங்க மிசினுக்கு யாரு பதில் சொல்றது?"

"அதானே!" என்றது வரிசை.

அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். மேஜையருகே ஒருவர் விண்ணப்பத்தைக் கொடுத்து முடித்தார். வரிசை ஓரடி நகர்ந்தது. அண்ணாச்சியும் வேட்டியை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, தமக்கு முன்னால் யாரும் புகுந்துவிடாதபடி, ஓரடி நகர்ந்தார்.