மீன் பார்க்காத ரீல்

ஒரு பொருளை வாங்குவது அதைப் பயன்படுத்தத்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும் அப்பாவியா நீங்கள்? அப்படியானால் பராமரிப்பாளர் என்னும் இனத்தை நீங்கள் அறிந்தாக வேண்டும். அதில் ஒருவர் என் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். வாய்க்கு வாய் “பத்திரம், பத்திரம்” என்பதால் பத்திரம் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன் தூண்டில் கோலும் அதில் மாட்டுகிற ரீலும் வாங்கினார். கைப்பிடியைச் சுற்றினால் நைலான் நரம்பைச் சுருட்டிக்கொள்ளுமே, அந்த ரீல்தான்.

மீன் பிடித்தாரா? கேட்கவே கூடாது.

ஞாயிறு தவறாமல் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, ரீலைத் துணிப்பையிலிருந்து எடுத்து, கடலைக் கண்ணாலும் கண்டிராத அதன் உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, பனியன் துணியால் ஒற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் பல்சக்கரங்களைத் தேய்த்து, கிரீஸ் தடவி, கைப்பிடிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேல் திருகைத் தளர்த்தி (“இறுக்கியே வெச்சா உள்ள வாஷர் அமுங்கிடும், தெரியுமில்ல?”), மறுபடி அலமாரியில் ஏற்றுவதற்குள் சாப்பாடு ஆறிப்போயிருக்கும். பிளாஸ்டிக் பையில் வைக்க மாட்டார். வேர்க்குமாம். அடுப்படியில் மனைவி வேர்த்துக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

மகளுக்குப் பத்து வயது. திங்கட்கிழமை விடுதிப் பள்ளிக்குப் போகிறாள். இனி ஆறு மாதம் கழித்துத்தான் வீடு. போவதற்குள் அப்பாவோடு ஏரிக்குப் போய் ஒரே ஒரு மீன் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. இருந்தது ஒரே ஞாயிறு. ஏழு மணிக்கே செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“அப்பா, கிளம்பலாமா?”

“இதோ ஆச்சும்மா. ஒரு தடவை கழட்டிப் பார்த்துடறேன்.”

“போன வாரம்தானே பார்த்தீங்க?”

“அது போன வாரம்.”

கழற்றினார். நகத்தளவு ஸ்பிரிங் ஒன்று துள்ளி எங்கோ ஒளிந்தது. கட்டிலை நகர்த்தினோம், பாயை உதறினோம். கூப்பிட்ட குரலுக்குப் போன பாவத்துக்கு நானும் முட்டி தேயத் தவழ்ந்தேன். மணி பன்னிரண்டு.

“நரம்பை மட்டும் குடுங்கப்பா, குச்சியில கட்டிக்கறேன்” என்றாள் மகள்.

கொடுப்பாரா? ஏரித் தண்ணீர் பட்டால் நரம்பு என்னத்துக்கு ஆகும்? அவர் மனைவிதான் கடையில் தூண்டில் முள்ளும் நாலு முழ நரம்பும் வாங்கி, காலித் தண்ணீர் பாட்டிலில் சுற்றிக்கொண்டு மகளோடு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் குவளையில் ஒரு விரல் நீள மீனோடு ஓடி வந்தாள். “அப்பா, இங்க பாருங்க!”

ஸ்பிரிங் கிடைத்து, அவர் கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்த நேரம். நிமிரவில்லை. “பத்திரம், பத்திரம்! ஈரக் கையோட மேசைகிட்ட வராதே!”

அவள் வரவில்லை. குவளையோடு பெட்டி அடுக்கப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ரீலை ஜன்னல் வழியே வீசியிருப்பேன். வீசவில்லை, பளபளவென்று இருந்தது.

என்ன மனுஷன் என்று உச்சுக் கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள். ஆனால் அட்டை முதுகு மடங்கிவிடக் கூடாதென்று இந்தப் புத்தகத்தைப் பாதி மட்டும் திறந்து, இடுக்கில் எட்டிப் பார்த்துப் படிக்கிறீர்களே, “நானும் கொஞ்சம் படிக்கட்டுமா?” என்று உங்கள் வீட்டுப் பிள்ளை ஓடி வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள், முகத்தையா, கையையா?