இடுப்பு குறைந்தது, கொழுப்பு ஏறியது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தையல்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் நலம். எல்லோரும் வழக்கத்துக்காக எழுதுகிற நலம் அல்ல இது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, டாக்டரம்மா வாயால் கேட்டுவிட்டு வந்து எழுதுகிற நலம். அங்கே அண்ணியும் எங்கள் மகளும் மாப்பிள்ளையும் நலமென்று தெரியும். நீங்கள் நலமா என்பதுதான் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் என் பக்கத்து நியாயம் கொஞ்சம் இருக்கிறது. போன வாரம் மகள் தொலைபேசியில், "அப்பா, மாமா உங்களுக்குப் பேரு வச்சிருக்காரு, பாதிக்கிணறாம்," என்று சொல்லிச் சிரித்தாள். நீங்கள் சொல்லிக்கொடுத்த உணவு முறையை நான் நடுவில் விட்டுவிட்டேனாம், பாதிக்கிணறு தாண்டியவனாம். சம்பந்தி, நான் கிணற்றுக்குள் விழுந்தே எழுந்து வந்தவன். விழுந்த கதையைக் கேளுங்கள்.

போன முறை நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் வாசலிலேயே நின்று, கால்சட்டையின் முன்பக்கத்தை இழுத்துக் காட்டி, "இதுக்குள்ள ஒரு பூனைக்குட்டி குடியிருக்கலாம் சம்பந்தி," என்றீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிட்டுத் தான் மட்டும் விசிலோடு நிழலில் உட்கார்ந்திருந்த டிரில் மாஸ்டர் இப்படி இளைத்ததை என் கண் நம்பவில்லை. டேப்பை எடுத்து அளந்தேன், டேப் நம்பியது. எனக்கோ சர்க்கரை எல்லையில் வந்து நிற்கிறது என்று டாக்டரம்மா எச்சரித்திருந்த நேரம். நீங்கள் என் தோளில் கை போட்டு, "சோறு, ரொட்டி, கிழங்கு, இனிப்பு, இந்த நாலயும் தொடாதீங்க. மத்ததெல்லாம் வயிறு நிறைய சாப்பிடுங்க," என்றீர்கள். அதற்குப் பிறகும் நிறையச் சொல்லியிருப்பீர்கள். என் காதில் 'மத்ததெல்லாம்' என்பதோடு கதவு சாத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் சோற்றுக்கு விடை கொடுத்தேன். காலையில் வெண்ணெயில் முட்டை, மதியம் கொழுப்போடு இறைச்சி, இரண்டுக்கும் நடுவில் சீஸ், அந்த சீஸுக்குத் துணையாக இன்னொரு சீஸ். இளைப்பதற்கு இப்படி ஒரு வழி இருப்பதை இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று உங்களை மனதார வாழ்த்தினேன். இளைக்கவும் செய்தேன். ஊரார் கால்சட்டைகளை அகலமாக்கியே பழகிய கை, என்னுடையதைச் சுருக்கிச் சுருக்கித் தைத்தது. கடைசியில் பின்பக்கப் பைகள் இரண்டும் நெருங்கி வந்து ஒன்றையொன்று தொட்டுவிட்டன. சர்க்கரையும் எல்லையிலிருந்து பின்வாங்கிவிட்டது. வாடிக்கையாளர்கள் ரகசியம் கேட்டார்கள். நான் தங்களைப் போலவே தோளில் கை போட்டு நாலையும் விடச் சொன்னேன்.

வீட்டுக்குள்தான் ஒன்று சரியில்லாமல் போயிற்று. உங்கள் சம்பந்தியம்மா இரண்டு பேருக்கும் சேர்த்தே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் வேண்டாமே என்றால், "தெரியும். கை அளவு மாற மாட்டேங்குது," என்பாள். மிச்சத்தை மறுநாள் தானே சாப்பிடுவாள். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போய்விடுவேன், அவள் அடுக்களையில் நேற்றைய சோற்றோடு உட்கார்ந்திருப்பாள். ஒரே வீட்டில் இரண்டு சாப்பாட்டுக் கடை நடப்பதுபோல இருந்தது. அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எதிரே இருந்தவள் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. "ஐயா, எடை குறைஞ்சிருக்கு, சர்க்கரை நல்லா இருக்கு. ஆனா உங்களுக்குக் கொழுப்பு ரொம்ப அதிகம்," என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் சம்பந்தியம்மா உடனே, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சொல்றது இதத்தான் டாக்டரம்மா. இதுக்கு ரத்தம் வேற எடுக்கணுமா," என்றாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். முட்டை என்றேன், கூடக் கொஞ்சம் வெண்ணெய் என்றேன். "கொஞ்சமா? இவரு வெண்ணெய்க்குத்தான் முட்டைய தொட்டுக்கறாரு," என்றாள் இவள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "மாவுச்சத்த குறைச்சது தப்பில்ல. அந்த இடத்துல எதைக் கொண்டாந்து வச்சீங்கங்கறதுதான் விஷயம். எல்லாருக்கும் இப்படி ஏறாது, சிலருக்கு ஏறும். ஏறுதான்னு ரத்தம்தான் சொல்லும், இடுப்பு சொல்லாது." வெண்ணெய்க்குப் பதில் அளவாக எண்ணெய், இறைச்சிக்குப் பதில் மீனும் பயறும், சீஸ் கேட்கும் நேரத்தில் ஒரு கைப்பிடி கொட்டைப் பருப்பு, நிறையக் கீரை, கூடவே ஒரு மாத்திரை. "அப்புறம் நடக்கணும். மூச்சு வாங்கணும், ஆனா பேச முடியணும், அந்த வேகம்."

டாக்டரம்மா அறையில் அவ்வளவு பேசியவள், சம்பந்தி, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டைக் கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், இறங்கும் வரை விடவில்லை. அவளுடைய அண்ணனை நீங்கள் பார்த்ததில்லை. என் வயதில், நெஞ்சு கனக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இறங்கும்போது, "ஒண்ணும் ஆகாது," என்றேன். "அண்ணனும் இதத்தான் சொன்னாரு," என்றாள். அன்றைக்கு எனக்கு வெண்ணெயின் மேல் இருந்த ஆசை முழுவதும் இறங்கிவிட்டது.

மறுநாளே அடுக்களை ஆட்சி மாறியது. நான் 'மத்ததெல்லாம்' என்று வாய் திறப்பதற்குள் பயறு ஊறப் போட்டாகிவிட்டது. பயறு நல்லதுதான், ஆனால் பழகாத வயிற்றில் அது சும்மா இருப்பதில்லை. ஒரு மாப்பிள்ளைப் பையனுக்குக் கால்சட்டை நீளம் பார்க்க மண்டியிட்டுக் குனிந்தேன். உள்ளே இருந்த பயறு என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. அந்தப் பையனின் அப்பா நல்ல மனிதர். மெஷினைப் பார்த்து, "எண்ணெய் விட்டு நாளாச்சு போல," என்றார். நானும் எழுந்துபோய், ஓடாத மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிப்போயிற்று. இப்போது அவளும் நானும் ஒரே சட்டியிலிருந்து பயறும் கீரையும் மீனும் எடுத்துக்கொள்கிறோம். அவள் தட்டில் சோறு கொஞ்சம் கூட, என் தட்டில் பேருக்கு ஒரு கரண்டி. நேற்றைய சோறு என்று இப்போது எதுவும் மிஞ்சுவதில்லை.

நடைதான் பெரிய சங்கடமாயிற்று. தனியாகப் போகிறேன் என்றேன், "வழியில ஏதாவது ஆச்சுன்னா?" என்று அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவளுக்கு முட்டி வலி. வாத்து மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வருவாள். அவளோடு நடந்தால் எனக்கு மூச்சு வாங்காது. மூச்சு வாங்க நடந்தால் அவள் பின்தங்கிப் போவாள். முதல் நாள் டாக்டரம்மா சொன்ன வேகத்தில் போய்ச் சலவைக்கடை தாண்டித் திரும்பிப் பார்த்தேன். தெருவின் அந்தக் கோடியில் ஒரு சின்னப் புடவைப் புள்ளி. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அதே வேகத்தில் திரும்பி அவளிடம் வந்தேன். மறுபடி போனேன், மறுபடி வந்தேன். பாபினில் நூல் சுற்றுவதுபோலப் போக்கும் வரத்துமாக இருப்பதைப் பார்த்துச் சலவைக்கடைக்காரர், "எதையாவது தொலைச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டார். பின்னால் வந்துகொண்டிருந்தவள், "என்னத்தான் தேடி வர்றாரு," என்றாள்.

திரும்பி வருகிறவன் வெறும் வாயோடு வர முடியுமா? அதனால் முன்னால் பார்த்ததை வந்து சொல்ல ஆரம்பித்தேன். "மூலை வீட்டுக் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கிறான்," என்பேன். "என்ன பச்சை?" என்பாள். அடுத்த நடையில் அதைப் பார்த்துக்கொண்டு வந்து, "பாசிப் பச்சை," என்பேன். "அந்த வீட்டுக்கு அது எடுக்காதே," என்பாள். இதற்குள் எனக்கு மூச்சும் வாங்கியிருக்கும், பேசவும் முடியும். அவள் ஒரு மடங்கு நடக்க, நான் மூன்று மடங்கு நடக்கிறேன். அவள் முட்டி வலியைத் தாங்கிக்கொண்டு எனக்காக வருகிறாளே என்று மட்டும் மனசு உறுத்தும். அவளிடம் சொல்வதில்லை; சொன்னால் வராமல் நின்றுவிடுவாள்.

நேற்று மறு பரிசோதனை முடிவு வந்தது. கொழுப்பு நன்றாக இறங்கியிருக்கிறது, சர்க்கரையும் ஏறவில்லை. மாத்திரையும் நடையும் இப்படியே தொடரட்டும் என்றார் டாக்டரம்மா. ஆக, நான் உங்கள் வழியை விடவில்லை. அதில் வெண்ணெயை மட்டும் இறக்கிவிட்டு நடக்கிறேன்.

இனி வந்த விஷயம். உங்கள் இடுப்பை அளந்தவன் நான்தான். ரத்தத்தை அளக்க என் டேப்பால் முடியாது. நீங்கள் இன்றுவரை ஒருமுறைகூட ரத்தம் கொடுத்துப் பார்க்கவில்லையாமே, ஊசியென்றால் பயமாமே. மகள் சொன்னாள், அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஊசியோடு வாழ்கிறவன் சொல்கிறேன், குத்துகிற வரைக்கும்தான் ஊசி பெரிசு. உங்களுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், இருந்தாலும் பார்த்துவிடுவோம். வருகிற வாரம் நாங்கள் அங்கே வருகிறோம். நான் கூட வருகிறேன், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், கையை நான் பிடித்துக்கொள்கிறேன். வெளியே யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உங்கள் நாடி சீராகவும் பசி அளவாகவும் இருக்க வேண்டுகிறேன். அண்ணிக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகள் இருவருக்கும் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
தையல்காரன்

பின்குறிப்பு: அண்ணா, இதை எழுதுவது நான், உங்கள் சம்பந்தியம்மா. பிழை இருந்தால் திருத்தி ஒட்டி வை என்று கொடுத்துவிட்டு அவர் தபால் தலை வாங்கப் போயிருக்கிறார். பிழை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எனக்கு முட்டி வலி போய் வெகு நாளாகிறது. காலையில் நான் சந்தைக்குப் போகிற வேகத்தில் அவரால் வர முடியாது. கல்யாணமானதிலிருந்து நான் பார்த்ததெல்லாம் மெஷின் மேல் குனிந்த முதுகுதான். இப்போது தெருக்கோடியிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு, எனக்குச் சொல்ல ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு அவசர அவசரமாக வருகிறார். அதைப் பார்ப்பதற்காக மெதுவாக நடக்கிறேன். அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.