பிரேமுக்குத் துணி சுற்றிய பாடு

மனைவி கேட்காமலே காபி கொடுத்தால் குடிக்காதே. ஆறுமுகசாமி ஆகிய நான் அனுபவித்துக் கண்ட சட்டம் இது. அன்றைக்குக் காபியோடு முறுக்கும் வந்தது. இரண்டையும் தொடாமல் தள்ளி வைத்தேன்.

நாட்டுக்கு அவசரநிலை வந்தது போன வருடம். என் வீட்டுக்கு அது கல்யாணத்தன்றே வந்துவிட்டது. சேவல் சண்டைக்கு இனிப் போவதில்லை என்று மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவன் நான். சூடம் அணைந்த வேகத்தில் சத்தியமும் அணைந்துவிட்டது. என் கருஞ்சேவல் பக்கத்து வீட்டு நஞ்சப்பன் கூடைக்குள் ரகசியமாகத் தின்று கொழுத்தது. ஞாயிற்றுக்கிழமை கோவிந்தாபுரத்தில் அதற்குச் சண்டை. மனைவி பொன்னாத்தாளுக்குத் தெரிந்தால் எனக்கு வீட்டிலேயே சண்டை.

அவள் மகிளா சமாஜத்தில் பூத்தையல் பழகிக்கொண்டிருந்தாள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மரவளையம், அதற்குப் பெயர் பிரேம். நடுவே துணியை மாட்டித் திருகாணியை முறுக்கிவிட்டுத் தைக்க வேண்டும்.

"ஏனுங்க, இதுல துணி நிக்கவே மாட்டேங்குது, வழுக்கி வழுக்கி வருது. உள்வளையத்துக்குத் துணி சுத்துனா புடிச்சுக்குமாமா. நீங்க சுத்திக் குடுங்களேன்."

"நானெதுக்கு புள்ள? நீயே சுத்து."

"சரிங்க."

உடனே சரி என்றாள்! தாலி கட்டிய நாளாய்க் கேட்காத சொல். எனக்குச் சந்தேகம் வலுத்தது.

என் பழைய வேட்டியில் ஒரு நாடா கிழித்து, என் எதிரிலேயே சுற்றத் தொடங்கினாள். இங்கே மேடு, அங்கே பள்ளம். கடைசியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. எனக்குக் கை அரித்தது.

"இப்படிச் சுத்துனா துணியில தடம் உழுகும் புள்ள. குடு இங்க!"

பிடுங்கிக்கொண்டேன். நாடாவைச் சாய்த்துப் பிடித்து, ஒரு சுற்றின் பாதிமேல் அடுத்த சுற்று ஏற, இழுத்து இழுத்துச் சுற்றினேன். முடிச்சே போடாமல் நுனியை மடித்துத் தைத்தேன். நூலைப் பல்லால் கடித்தேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். ஒரு மேடு இல்லை. பெருமை தாங்கவில்லை.

"இனி எத்தனை இறுக்குனாலும் காலு நோகாது."

"யாரு காலுங்க?"

எனக்கு வேர்த்துவிட்டது. சேவல் காலில் கத்தி கட்டுமுன் இப்படித்தான் துணி சுற்றுவோம். என் கருஞ்சேவலுக்கும் பழக்கத்துக்காக நேற்றே சுற்றிவிட்டிருந்தேன்.

"அது... பிரேமுக்கு..."

"பிரேமுக்கு ஏதுங்க காலு?"

"மேசைக்கு இருக்குதல்ல?"

"இருக்குதுங்க."

வளையத்தை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள். பிழைத்தேன் என்று முறுக்கைக் கடித்தேன். வேலியோரம் அவள் குரல் கேட்டது.

"நஞ்சப்பண்ணா! அந்தச் சேவலு உங்களுதுன்னீங்களே? அது கால்ல சுத்துன கையும் இதைச் சுத்துன கையும் ஒண்ணுதான், பாருங்க. ரெண்டும் எங்க ஊட்டு வேட்டி!"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க அம்மிணி! நீங்களா கண்டுபுடிச்சதுதானுங்க!"

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தாபுரத்தில் சண்டை அமர்க்களமாக நடந்ததாம். நான் மகிளா சமாஜத்தில் இருந்தேன். எல்லார் பிரேமுக்கும் நானே துணி சுற்றித் தருவேன் என்று பொன்னாத்தாள் வாக்குக் கொடுத்திருந்தாள். பெண்கள் பார்த்துத் தையல் துணியில் வரைவதற்காக என் கருஞ்சேவலை மேசைக் காலில் கட்டியிருந்தார்கள்.

வரைந்து முடித்ததும் சேவலை அவிழ்த்து விட்டுவிட்டார்கள். என்னை இன்னும் விடவில்லை.